மாலை மாற்றிய நிறமூர்த்தங்கள்

அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தவர்கள்: அந்த மாணவியின் அப்பா, அம்மா, அவளோடு படிக்கும் பையனின் அம்மா, நாலாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களை மேய்க்கிற கங்காணி. எங்கள் தரப்பில் தலைமை ஆசிரியரான அதிபரும் நானும். சொல்லியனுப்பியும் வராதவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். பதுளையில் முக்கியமான வேலை என்று ஆள் விட்டிருந்தார். பையனும் வரவில்லை. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் விறகுக் கட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறான் என்று அவன் அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார். மாணவியும் வரவில்லை. அவள் போன வாரத்திலிருந்தே வரவில்லை. கூட்டமே அதற்காகத்தான்.

அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், எம்மக கழுத்துல மாலை போட்டது யாரு?"

"நான்தாங்க."

"அதக் கழட்டி அந்தப் பயலோட மாத்திக்கச் சொன்னது?"

"அதுவும் நான்தாங்க."

அவர் அதிபர் பக்கம் திரும்பினார். "பெரிய மாஸ்டர், கேட்டுக்கிட்டீங்கல்ல? இதுக்கு மேல என்னாத்த விசாரிக்கிறது?"

எங்கள் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். மலையேறி வந்து பத்துப் பதினைந்து வருடமாகியும் பேச்சு மாறாதவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "தம்பி, கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லிக்கொண்டு நிக்காதையும். என்னத்துக்கு மாத்தச் சொன்னனீர் எண்டதையும் சொல்லும்."

என்னத்துக்கு என்றால், ஒடுக்கற்பிரிவுக்கு.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தொண்ணூறுகளின் முடிவில், உயர்தரத்தில் உயிரியல் படித்தவன் என்ற தகுதியில், நமுனுகுல மலையடிவாரத்து இந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க நியமனமாகி வந்தேன். ஒரே நீளமான தகரக் கூரைக் கட்டடம். ஆறாம் வகுப்பையும் பதினோராம் வகுப்பையும் ஒரு கரும்பலகைதான் பிரித்தது. நான் உரக்கப் படிப்பித்தால் ஆறாம் வகுப்பும் சேர்ந்து படிக்கும்.

பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் கலப்பிரிவு என்றொரு அத்தியாயம். ஒரு கலம், அதாவது செல், எப்படி இரண்டாகிறது என்பதை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும் என்று போட்டிருந்தது. எங்களிடம் நுணுக்குக்காட்டி இல்லை. நானே என் வாழ்க்கையில் ஒரு தடவைதான், பதுளையில் படிக்கும்போது, அதற்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். வெங்காய வேர் நுனி வைத்திருந்தார்கள், அதன் கலத்துக்குள் நிறமூர்த்தம் என்கிற குரோமோசோம் தெரியவேண்டும். கறுப்பாக, வளைந்து, அழகாக ஒன்று தெரிந்தது. "நிறமூர்த்தம் தெரியுது சேர்!" என்று கத்தினேன். அது என் கண்ணிமை முடி என்று ஆசிரியர் அமைதியாகச் சொன்னார்.

ஆகவே நான் லயத்து ஒற்றை அறையான காம்பராவிலிருந்து தொடங்கினேன். கலம் என்பது ஒரு காம்பரா. மூத்தவனுக்குக் கல்யாணமானால் நடுவில் சீலையைக் கட்டி ஒரு காம்பராவை இரண்டாக்குகிறோம் அல்லவா, கலமும் அப்படித்தான். ஆனால் கலம் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பிரிவதற்கு முன்பே உள்ளேயிருக்கும் நிறமூர்த்தங்கள் ஒவ்வொன்றுக்கும் அச்சாக இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் நடுவே சுவர் எழும்பும். இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் அந்தப் பக்கமும் இருக்கும். இதன் பெயர் இழையுருப்பிரிவு.

முன்வரிசை வாங்கில் இருந்த மாணவி கையைத் தூக்கினாள். "அப்ப சண்டையே வராதே மாஸ்டர். எங்க சித்தப்பா தனியாப் போனப்ப ஆட்டுக்கல்லு யாருக்குன்னு ரெண்டு மாசம் பேச்சுவார்த்த இல்ல."

"உன் சித்தப்பாவுக்கு இழையுருப்பிரிவு தெரிஞ்சிருந்தா ரெண்டு ஆட்டுக்கல்லு இருந்திருக்கும்."

"இன்னொரு பிரிவு இருக்குன்னீங்களே?"

"அது ஒடுக்கற்பிரிவு. அதுல ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும்."

"அப்ப எங்க வீட்ல நடந்தது அதுதான்."

அவள்தான் அந்த மாணவி. பிரிவின் நாலு அவத்தைகளையும், அதாவது நாலு கட்டங்களையும், புத்தகம் பார்க்காமல் வரிசையாக வரைந்து காட்டக்கூடிய ஒரே பிள்ளை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை சாதாரண தரப் பரீட்சையில் யாரும் விஞ்ஞானம் சித்தியடைந்ததில்லை. இவள் அடைவாள் என்று நான் அதிபரிடம் சொல்லியிருந்தேன், அவர் கேட்காமலே, பல தடவை.

படம் வரைந்தால் மட்டும் போதாது, நடித்துக் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதிபரின் இரும்பு அலுமாரியில் கடதாசி மாலைகள் இருந்தன. சிவப்பிலும் மஞ்சளிலும். யாராவது பெரியவர்கள் வந்தால் கழுத்தில் போடுவோம். அவர்கள் கழற்றி மேசையில் வைத்ததும் எடுத்து மடித்து அடுத்தவருக்காக வைத்துவிடுவோம். அவற்றை நிறமூர்த்தங்களுக்காகக் கேட்டேன்.

"ஒரு இதழும் உதிரப்படாது, விளங்குதோ?" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

இழையுருப்பிரிவை மைதானத்தில் நடத்தினோம். கைகோத்து வட்டமாக நின்றவர்கள் கலத்தின் மென்சவ்வு. மாலை போட்டவர்கள் நிறமூர்த்தங்கள்; ஒரே நிறம் இரண்டு இரண்டாக நடுக்கோட்டில் நின்றார்கள். நிறமூர்த்தங்களை இரண்டு பக்கமும் இழுக்கும் கதிர்நார்களுக்காக இடுப்பில் மாட்டுக்கயிறு. இரண்டு முனையிலும் பெரிய பையன்கள். "மேன்முக அவத்தை!" என்று நான் கத்தியதும் கயிற்றை மெதுவாக இழுக்கவேண்டும். அவர்கள் கயிற்றைக் கண்டதும் உயிரியலை மறந்தார்கள். இரண்டு பக்கமும் காலை ஊன்றி இழுக்க, நிறமூர்த்தங்கள் புல்லில் உருண்டன. மென்சவ்வு கையை விட்டுவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆரவாரம் செய்தது.

அதிபர் யன்னலால் தலையை நீட்டினார். "தம்பி, விளையாட்டுப் போட்டி போன தவணையே முடிஞ்சுதெல்லோ?"

ஆனால் மறுநாள் வகுப்பில் எல்லாரும் இழையுருப்பிரிவைச் சரியாக வரைந்தார்கள். வாய் திறக்காத பின்வாங்குப் பிள்ளைகள்கூட. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒடுக்கற்பிரிவுக்குத் தயாரானேன்.

ஒடுக்கற்பிரிவில் ஒரு விசேஷம் உண்டு. அப்பாவிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் அம்மாவிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் பிரிவதற்கு முன் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நின்று, தங்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒருவரைப் போல ஒருவர் இல்லாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாலையைப் பிய்த்துத் துண்டு கொடுக்க அதிபரின் நிபந்தனை இடம் தரவில்லை. முழு மாலையையும் மாற்றிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். விஞ்ஞானப்படி அது கொஞ்சம் பிழைதான், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலும் விளங்கும் என்று நினைத்தேன். அந்த விஷயத்தில் நான் நினைத்தது சரி.

அப்பாவின் நிறமூர்த்தத்துக்கு ஒரு பையனை எடுத்தேன். அம்மாவினுடையதற்கு அந்த மாணவியை எடுத்தேன். ஆண் பக்கத்துக்கு ஆண், பெண் பக்கத்துக்குப் பெண். இதைவிட ஒழுங்காக யாரும் யோசித்திருக்க முடியாது. அவன் அவளுக்குச் சொந்த அத்தை மகன் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும். வேறு தோட்டத்திலிருந்து வந்த எனக்குத் தெரியாது. பிள்ளைகள் குசுகுசுத்துச் சிரித்ததை விஞ்ஞான ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

மைதானத்துக்கு நேர் மேலே நாலாம் நம்பர் மலை. அன்று கொழுந்து அங்கேதான். மேலேயிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவு: சுற்றிவரச் சனம். நடுவில் மாலையும் கழுத்துமாக ஒரு பையனும் ஒரு பெண்ணும். எதிரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு விளங்காத சொற்களாக உரக்க ஓதுகிற ஒரு ஆள். அந்த ஆள் கையைக் காட்டியதும் இரண்டு பேரும் மாலையைக் கழற்றி ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள்.

மலையிலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. முதலில் ஒரு குரல், பிறகு மலை முழுவதும்.

மாணவி மாலையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு வகுப்புக்குள் ஓடினாள். பையன் மட்டும் நின்ற இடத்தில் நின்றான்.

"மாஸ்டர், இனி நான் என்னா செய்யணும்?"

"இனி ரெண்டு பேரும் பிரியணும்."

"இப்பவேயா?" என்றான்.

மென்சவ்வு தரையில் விழுந்து சிரித்தது.

பிறகு நடந்தது சிரிப்பில்லை. அவள் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் குறுக்குப்பாதை அந்த மலையோரமாகத்தான் போகிறது. காலையில் "புதுப்பொண்ணு வருது, வழி விடுங்கடி!" என்று ஒரு குரல். பின்னேரம் "மொய் எவ்வளவுடி விழுந்துச்சு?" என்று இன்னொரு குரல். இரண்டு மூன்று நாள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். பிறகு வரவில்லை. அவள் அப்பா, படித்தது போதும், அடுத்த மாதம் தோட்டத்தில் பதிந்து கொழுந்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. என் அக்கா நாலாம் வகுப்போடு கூடையைத் தூக்கியவள். அவள் எடுத்த கொழுந்தில்தான் நான் படித்தேன். அந்த மாணவியின் வெற்று வாங்கைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு வசனம்கூடப் படிப்பிக்க முடியவில்லை.

அக்கா கதையைத் தவிர இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். புத்தகத்தையும் திறந்து காட்டினேன்.

அப்பா படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ரெண்டு மண்புழு."

"நிறமூர்த்தங்க."

"மாலை எங்க?"

"மாலை புத்தகத்துல இல்லீங்க. விளங்கட்டும்னு நான் போட்டது."

"மண்புழுவுக்கே போடாத மாலைய எம்மகளுக்குப் போட்டீங்க." அவர் புத்தகத்தை மூடினார். "மாஸ்டர், நான் ஒங்கள நம்புறேன். ஒங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது, ஒங்களுக்கு ஒரு சூதுவாதும் தெரியாதுன்னு. ஆனா மலையில நிக்கிறவளுக நாக்க யாரு புடிச்சு நிறுத்துறது? அவ ரோட்டுல கால் வச்சாலே குலவை. எம்புள்ள மூலையில ஒக்காந்து அழுவுது."

"நான் சும்மா ஒரு தடவதான் போட்டேன் அண்ணே," என்றார் பையனின் அம்மா. முதற் குலவை அவருடையது. மாணவியின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி, அந்த மலையிலேயே பெரிய வாய்.

மாணவியின் அம்மா முதல் தடவையாகப் பேசினார். "ஒன் வாய்க்கு ஒரு கதவு வச்சிருந்தா எங்க வீட்டுக்கு இந்த வென வந்திருக்குமா?"

"நான் என்னா கண்டேன் மதினி. கழுத்துல மாலையோட எம்மகனப் பாத்ததும் வாய் தானா தொறந்துக்கிச்சு."

"குலவை போட்டுக்கிட்டே இருந்ததுல எனக்கு அன்னைக்குக் கொழுந்து கொறவு," என்றார் கங்காணி. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

பையனின் அம்மா கொஞ்ச நேரம் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழும்பினார். "பாத்தவளுக எல்லாரும் அது பாடந்தான்னு ஒத்துக்கணும், அவ்வளவுதான? மாஸ்டர், அந்த மாலைங்கள எடுத்து வைங்க. எனக்கு ஒண்ணு, எங்கண்ணனுக்கு ஒண்ணு. அதே எடத்துல, அதே நேரத்துல, நீங்க அதே மந்திரத்தச் சொல்லுங்க. நாங்க மாத்துறோம்."

"யாரு, நானா? ஒன் கூடயா?" என்றார் அப்பா.

"ஆமா. கூடப்பொறந்தவ கூட மாத்துனா அது கல்யாணமா? பாடந்தான். எங்களுக்குப் பாடம்னா புள்ளைகளுக்கும் பாடந்தான். அதுக்கப்புறம் எவ குலவை போடுறான்னு நான் பாக்குறேன்."

அப்பா வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். முடியாது என்றால் மாலை மாற்றினால் கல்யாணம்தான் என்று அவரே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதிபர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு அந்த அம்மாவை மரியாதையோடு பார்த்தார். எல்லாரும் போன பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"இஞ்சை பாரும் தம்பி. புத்தகத்திலை 'நிறமூர்த்தச் சோடி' எண்டு போட்டிருக்கு. திங்கக்கிழமை அந்தச் சொல் உம்மட வாயிலை வரப்படாது."

திங்கட்கிழமை நாலாம் நம்பர் மலைப் பெண்கள் கூடைகளோடு வந்து மைதானத்து மேட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "அஞ்சே நிமிசம்," என்று கங்காணி விரல்களை விரித்துக் காட்டினார். அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து நேரே வந்தார், அரைக் காற்சட்டையும் வெட்டுக் கத்தியுமாக. மாலை போடுவதற்கு முன் நான் கத்தியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்தார்கள்.

"இது ஒரு கலம்," என்று தொடங்கினேன்.

"சத்தமாச் சொல்லுங்க மாஸ்டர், இங்க கேக்கல!" என்றது மேடு.

ஒடுக்கற்பிரிவை மலையை நோக்கிக் கத்திப் படிப்பித்தேன். அண்ணனும் தங்கச்சியும் எதிரெதிரே நின்றார்கள். அப்பா வானத்தைப் பார்த்தபடி சிவப்பு மாலையைக் கழற்றித் தங்கச்சியின் கழுத்தில் விழும்படி எறிந்தார். தங்கச்சி நிதானமாக, கோணலைச் சரிபார்த்து, மஞ்சள் மாலையை அண்ணன் கழுத்தில் போட்டார். மேட்டிலிருந்து குலவை எழவில்லை.

தங்கச்சி மேட்டைப் பார்த்து இடுப்பில் கையை வைத்தார். "என்னாங்கடி, வாய் ஒட்டிக்கிச்சா? போடுங்கடி குலவை! எங்கண்ணன் எனக்கு என்னா மொற வேணும்னு ஒருத்தி சொல்லுங்கடி பாப்பம்!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு மேடு முழுவதும் சரிந்து விழுந்து சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார், மாலை அவர் வயிற்றில் குலுங்கக் குலுங்க.

பாடம் அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் மேட்டிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் கையைத் தூக்கினார், வகுப்புப் பிள்ளையைப் போல. "மாஸ்டர், எதுக்குப் பாதியாவுது?"

"அப்பாகிட்டயிருந்து பாதி, அம்மாகிட்டயிருந்து பாதி சேர்ந்தாத்தானே பிள்ளைக்கு முழுசா வரும். பாதியாக்காம விட்டா ஒவ்வொரு தலைமுறைக்கும் ரெண்டு மடங்காயிரும்."

"அதான் எம்மாமியா மூக்கு எம்மகனுக்கு வந்திருக்கு. அத மாத்திக் குடுக்க வழியில்லையா?"

"அம்மம்மா நெறம், அப்பா பல்லு, இதெல்லாம் யாரு பிரிச்சுக் குடுக்குறது?"

"ரெட்டப் புள்ள எப்புடி மாஸ்டர்?"

கங்காணி அஞ்சு விரலைக் காட்டினார், பிறகு கையை ஆட்டினார், பிறகு கத்தினார். நான் கவனிக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படியொரு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழும்பி நின்றாள். "பொட்டப்புள்ளையாப் பெத்துப் போடுறேன்னு எம்புருசன் குடிச்சிட்டு வந்து என்னைய ஏசுறாரே மாஸ்டர். அது யாரால?"

நான் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். இந்த விஷயத்தில் தாயிடமிருந்து வரும் நிறமூர்த்தம் எப்போதும் ஒரே மாதிரிதான். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வருவதுதான்.

 பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பிக் கங்காணியைப் பார்த்தார்கள். அவருக்கு ஐந்து பெண்கள், அந்த ஐந்துக்கும் அவர் தன் மனைவியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"கங்காணி, காதுல விழுந்துச்சா?" என்றார் மாணவியின் அத்தை. "வூட்டுக்குப் போயி அந்த மகராசி கால்ல விழுங்க."

கங்காணியின் முகம் சிவந்தது. "எந்திரிங்கடி! மலைக்கு ஏறுங்கடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் மென்சவ்வும் சேர்ந்து கலைந்தது.

மறுநாள் காலை மாணவி வந்தாள். குறுக்குப்பாதையால்தான் வந்தாள். டிசம்பரில் பரீட்சை எழுதினாள். கலப்பிரிவில் கேள்வியே வரவில்லை. கப்பியும் நெம்புகோலும்தான் வந்தன. இருந்தும் விஞ்ஞானத்தில் சித்தியடைந்தாள். ஆனால் அது பிந்தி நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வாங்கில் உட்கார முன்பே என் மேசைக்கு வந்தாள்.

"மாஸ்டர், அத்த ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நேத்து நெறுவையில அவங்க யாருக்கும் கொழுந்து காணாதாம். கங்காணி ஒருத்தருக்கும் முழுச் சம்பளம் எழுதல. எல்லாருக்கும் அரைப் பேருதான்."

"திட்டினாங்களா?"

"ஒங்கள இல்ல. கங்காணிய. ரெட்டப் புள்ளையப் பத்தி மிச்சத்த எப்ப சொல்லித் தருவீங்கன்னும் கேட்டாங்க." அவள் ஒரு நிமிடம் மனசுக்குள் கூட்டினாள். "மலையில இருவத்தாறு பேரு, ஆளுக்கு அரை நாளு. கவ்வாத்த விட்டுட்டு வந்ததுக்கு எங்கப்பாவுக்கும் அரை நாளு. எல்லாஞ் சேத்துப் பதிமூணரை நாள் சம்பளம் மாஸ்டர்."